இலைக்கு மூச்சு முட்டுகிறது

அவர்கள் கேட்டது ஒரு குழாய். சல்லடைக்கு மேலே கவிழ்த்து வைத்தால் தூசியை உறிஞ்சி வெளியே தள்ளும் ஒரு தகரக் குழாய். வெல்டிங் பட்டறையில் சொன்னால் ஒரு வாரத்தில் அடித்துக் கொடுத்துவிடுவான். தொழிலாளர் நல்வாழ்வு வாரியம் அதைப் பற்றி வெகுநாள் யோசித்தது. யோசித்து முடித்துவிட்டு ஆளுக்கொரு துளசிச் செடி கொடுத்தது.

ஆலை என்றால் கல்லை மாவாக்குகிற ஆலை. ஒரு பக்கம் வெள்ளைக்கல் லாரியில் வந்து விழும். இன்னொரு பக்கம் மாவாகிச் சாக்கில் ஏறிப் போகும். அந்த மாவு பெயிண்டில் சேருகிறது, சோப்பில் சேருகிறது என்று மேலாளர் பெருமையாகச் சொல்வார். நடுவில் நிற்கிறவர்களின் நெஞ்சிலும் சேருகிறது என்பதை மட்டும் விட்டுவிடுவார். சொல்லி என்ன ஆகப்போகிறது, அதற்கு யாரும் விலை கொடுப்பதில்லையே.

தையல்காரர் அந்த ஆலையில் மூட்டையின் வாயைத் தைக்கிறவர். கைமெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு காலையில் நின்றால் மாலைவரை தைத்துக்கொண்டே இருப்பார். சட்டைப் பொத்தான் அறுந்தால் தைக்கத் தெரியாது. ஆனாலும் அந்தப் பெயர்தான் நிலைத்துவிட்டது. அவருடைய அக்கா சல்லடையில் நிற்கிறவள். அரைத்த மாவு மேலேயிருந்து சல்லடையில் கொட்டும், சல்லடை குலுங்கும், அவள் ஒரு கட்டையால் கட்டிகளைத் தள்ளிவிடுவாள். நிறுத்தினால் மாவு தேங்கி வழிந்து ஆலையே புகைமூட்டமாகிவிடும். நிறுத்தாவிட்டால் அவளைச் சுற்றி மட்டும் புகைமூட்டம். ஆகவே அவள் நிறுத்துவதில்லை.

தாய் போன பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். இந்த ஆலையில் சேர்த்துவிட்டவளும் அவள்தான். ஆலைக்குள் அவளைத் தேட வேண்டுமென்றால் கண்ணால் தேடிப் பயனில்லை, தூசியில் ஆள் தெரியாது. இருமல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காதை வைத்துத்தான் தேட வேண்டும். அந்த இருமலுக்காகத்தான் தையல்காரர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய்க் குழாய் கேட்டார்.

செடி கொடுக்கிற விழாவுக்கு வாரியத்தின் நல அலுவலர் மூக்கையும் வாயையும் மூடிய முகக்கவசத்தோடு வந்தார். அதைக் கழற்றாமலே பேசினார். கூட்டத்தில் ஒருவர், எங்களுக்கும் அதில் ஒன்று கிடைக்குமா என்று கேட்டதற்கு அவர் கோபப்படவில்லை. பொறுமையாக விளக்கினார்.

“எனக்குப் பழக்கமில்ல, அதனால போட்டிருக்கேன். உங்களுக்குப் பழகிடுச்சு. பழக்கமே ஒரு மருந்துதான், தெரியுமா?”

பிறகு குழாய் விஷயத்துக்கு வந்தார். குழாய் தூசியைத்தான் எடுக்கும், துளசி இருமலையே எடுத்துவிடும், இதில் எது ஆணிவேரைத் தொடுகிற தீர்வு என்று நீங்களே சொல்லுங்கள் என்றார். யாரும் சொல்லாததால் தானே சொல்லிக்கொண்டார். சளிக்குத் துளசி, கபத்துக்கு ஆடாதோடை, நெஞ்சுக்குத் தூதுவளை, தொண்டைக்குக் கற்பூரவல்லி, ஆவி பிடிக்க நொச்சி என்று அவர் ஒவ்வொன்றாக அறிவித்தபோது, அவற்றை அவரே நேற்று சாயங்காலம் உண்டாக்கிவிட்டு வந்தவர் போலிருந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பிறந்ததிலிருந்து தின்றும் குடித்தும் வந்த தழைகள்தான் எல்லாம். ஆனாலும் கைதட்டச் சொன்னபோது தட்டினார்கள். தட்டியதில் எழுந்த மாவு அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அந்த நேரத்தில் அக்கா இருமினாள். நல அலுவலர் பேச்சை நிறுத்தி, தன் கையாலேயே ஒரு துளசி இலையைக் கிள்ளி அவளிடம் நீட்டினார். போட்டோ எடுக்கிறவர் சரியான இடத்தில் நிற்கிறாரா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“நம்பிக்கையோட மெல்லும்மா. அவசரமா மென்னா வேலை செய்யாது.”

அக்கா மென்றாள். நம்பிக்கை எவ்வளவு சேர்ந்ததோ தெரியாது. மாவு கணிசமாகச் சேர்ந்தது.

பொய் சொல்லக் கூடாது. செடியோடு சேர்த்து வாரியம் தினமும் ஆலை வாசலில் அண்டாவில் வைத்த ஆடாதோடைக் கஷாயம் நல்ல கசப்பு, நல்ல கஷாயம். உள்ளே போனால் கட்டிக் கிடந்த சளி அசைந்து கொடுத்தது. வீட்டில் நொச்சித் தழை போட்டு ஆவி பிடித்தால் கொஞ்ச நேரம் மூக்கு என்று ஒன்று இருப்பது நினைவுக்கு வந்தது. செடியின் மேல் ஒரு குற்றமும் இல்லை. குடித்து வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி எங்கே போய் நிற்கிறோம் என்பதில்தான் இருந்தது சங்கதி. அதை அக்கா தன் பாணியில் சொன்னாள். “வீடு பூரா புகையா இருக்கு, ஜன்னலத் திறங்கடான்னா கண்ணுக்கு மருந்து ஊத்தறானுங்க. ஊத்துற மருந்து நல்ல மருந்துதான். ஜன்னல யாரு திறப்பா?”

செடிகளைச் சல்லடைக் கொட்டகையின் சுவரோரம் வரிசையாக வைத்திருந்தார்கள். தொட்டிக்கொரு சீட்டு, சீட்டில் அந்தச் செடிக்குப் பொறுப்பான தொழிலாளி. வந்த அன்று பச்சையாக இருந்தன. பிறகு சாம்பல் நிறமாயின. பிறகு இலை எது, மாவு எது என்று தொட்டுப் பார்த்தால்தான் தெரிந்தது. பிறகு தொட்டால் கையோடு வந்தது. ஒரு காலையில் ஆலை திறந்தபோது சுவரோரம் முழுக்கச் செத்த செடிகள் நின்றன.

வாரியம் அதிர்ந்துபோனது. இத்தனை வருஷத்தில் அந்த ஆலையில் இருமி இருமிப் போய்ச் சேர்ந்தவர்களுக்காக ஒரு விசாரணைகூட நடந்ததில்லை. செடிகளுக்காக உடனே நடந்தது. தையல்காரரை முதல் ஆளாகக் கூப்பிட்டார்கள். குளிர்பதன அறை, கதவை மூடியதும் வெளியே ஓடுகிற ஆலையின் சத்தம் அடங்கியது. உட்காரச் சொல்லவில்லை, நாற்காலியில் மாவு ஒட்டும் என்பதால். மேசைமேல் அவருடைய செத்த செடி ஒரு வெள்ளைத் துணியில் கிடத்தப்பட்டிருந்தது.

அதற்கு நீ என்ன செய்தாய் என்று நல அலுவலர் கேட்டார். தண்ணீர் ஊற்றினேன் என்றார் தையல்காரர். தூசி தட்டினாயா என்று கேட்டார். தட்டினேன், தட்டிய கையிலும் தூசிதான் இருந்தது என்றார். ஓர் உயிர் உன்னை நம்பி இருந்தபோது அது கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துப்போவதைப் பார்த்துக்கொண்டு உன்னால் எப்படி நிற்க முடிந்தது என்று அவர் கேட்டபோது, தையல்காரருக்கு அக்காவின் முகம் ஞாபகம் வந்தது. அதே கேள்வியைத் தான் யாரிடம் கேட்பது என்று புரியாமல் நின்றார்.

வாரியம் வரவழைத்திருந்த செடி மருத்துவர் ஓர் இலையைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல பெண்மணி; பார்த்ததைப் பார்த்தபடி சொல்கிறவர். இலை மூச்சு விடுவதற்கு நுண்ணிய துளைகள் உண்டு, அவற்றில் கல்மாவு போய் அடைத்திருக்கிறது என்றார்.

“தண்ணி இல்லாமச் சாகல இது. மூச்சு முட்டிச் செத்திருக்கு. இந்தக் காத்துல எந்த உயிரும் நாள் பூரா நிக்கவே கூடாது.”

நல அலுவலர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்தனை காலம் தொழிலாளர்கள் தொண்டை கிழியச் சொன்னதை ஒரு செத்த இலை ஒரு நொடியில் சொல்லிவிட்டது. சொன்னது வாரியத்தின் காதிலும் விழுந்துவிட்டது. அப்படியென்றால் எங்களுக்கு, என்று தையல்காரர் மெல்ல ஆரம்பித்தார்.

“உங்களுக்குச் செடி இருக்கேப்பா” என்றார் நல அலுவலர் தழுதழுத்த குரலில். “செடிக்கு யாரு இருக்கா, சொல்லு.”

ஆனாலும் குழாய் வந்தது. லாரியில் பளபளவென்று, கேட்டதைவிட இரண்டு மடங்கு பெரிய குழாய். கூடவே காற்றை வடிகட்டும் பெட்டி, விசிறி எல்லாம். தையல்காரர் தோளிலிருந்த மெஷினைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சல்லடைக்கு ஓடி, அக்காவின் காதில் கத்தினார். அவள் முகத்துணியைக் கீழே இறக்கிச் சிரித்தாள்.

“எந்தப் பக்கம் தூக்கிட்டுப் போறாங்கன்னு பாத்தியா?”

அவர் பார்க்கவில்லை. போய்ப் பார்த்தார். குழாயைச் சல்லடைப் பக்கம் கொண்டுபோகவில்லை. தொழிலாளர்கள் மதியம் உட்கார்ந்து சாப்பிடுகிற கொட்டகையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் ஒரு கண்ணாடி அறை எழுந்தது. இரட்டைக் கதவு, உள்ளே தாழ்ப்பாள், தண்ணீர் கொடுக்கச் சுவரில் ஒரு சின்ன ஜன்னல். துளசியும் ஆடாதோடையுமாகப் புதுச் செடிகள் உள்ளே குடியேறின. விசிறி உறிஞ்சியது, பெட்டி வடிகட்டியது, இலைகள் தளதளவென்று நின்றன. தொழிலாளர்கள் சாக்கு அடுக்குக்குப் பின்னால் நின்றபடி சாப்பிட்டார்கள்.

அதன்பிறகு செடிகளின் நல்வாழ்வு நாளொரு விதியாக வளர்ந்தது. கண்ணாடி அறையைக் கடக்கிறவர்கள் உடம்பைத் தட்டிவிட்டுக் கடக்க வேண்டும். அருகில் நின்று இருமக் கூடாது. கண்ணாடி அதிர்ந்தால் செடி மிரளும். இலை பறிப்பது செடிக்கு வலிக்கும் என்பதால் பறிப்பது அடியோடு நிறுத்தப்பட்டது. இலை இல்லாமல் கஷாயம் ஏது என்று கேட்டவர்களுக்கு வாரியம் வழி வைத்திருந்தது. வாசலில் வெந்நீர் வைத்து, அண்டாவுக்கு மேலே ஆடாதோடையின் பெரிய வண்ணப் படம் ஒன்றை மாட்டினார்கள். படத்தைப் பார்த்தபடியே குடித்தால் பாதி வேலையை மனசு பார்த்துக்கொள்ளும் என்று நல அலுவலர் சொன்னார். மீதிப் பாதியை யார் பார்ப்பது என்று அவர் சொல்லவில்லை.

அக்காவுக்கு அதற்குள் படுத்துத் தூங்க முடியாமல் போய்விட்டது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கண்ணை மூடுவாள். வீட்டுப் படி ஏறும்போது நடுவில் உட்கார்ந்துவிட்டு, சும்மா வேடிக்கை பார்க்கிறேன் என்பாள். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் சுருக்கமாகச் சொன்னார்: மருந்து அப்புறம், முதலில் அந்த இடத்தை விட்டு நகருங்கள். நகர்ந்து எங்கே போவது? அந்தச் சுற்று வட்டாரத்தில் இருந்ததெல்லாம் கல் ஆலைகள்தான்.

ஓர் இடம் இருந்தது. கண்ணாடி அறைக்குள் ஈரப் பஞ்சால் இலை துடைக்கிற வேலை. அதை வாரியத்தில் ஒருவர் தன் மைத்துனிக்குக் கொடுத்திருந்தார். அவள் ஆலை வாசல்வரை வந்து பார்த்துவிட்டு, இந்தத் தூசிக்குள் மனுஷி வருவாளா என்று திரும்பிப் போய்விட்டாள். தையல்காரர் நல அலுவலரின் முன்னால் போய் நின்றார். கெஞ்சிப் பழக்கமில்லாதவர், அன்றைக்குக் கெஞ்சினார்.

நல அலுவலர் கையைப் பிசைந்தார். அவருக்கும் ஒரு கஷ்டம் இருந்தது. வாரியத்தின் ஆணையர் பார்வையிட வருகிறார். மூலிகைத் திட்டத்தால் குணமான ஒரு தொழிலாளியையாவது மேடையில் காட்ட வேண்டும். ஆலை முழுக்கத் தேடியும் ஒருவரும் அகப்படவில்லை.

“ஐயா பேசி முடிக்கிறவரைக்கும் உங்க அக்கா இருமாம நின்னாப் போதும். மறுநாளே கண்ணாடி ரூம் அவங்களுக்கு.”

அக்கா அதைக் கேட்டுவிட்டு, அதைவிடச் செத்துக் காட்டுவது சுலபம் என்றாள். ஆனாலும் ஒப்புக்கொண்டாள். வீட்டில் ஒத்திகை நடந்தது. தையல்காரர் கடலை மடித்த பழைய பேப்பரை எடுத்து ஆணையர் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி எழுத்துக்கூட்டி வாசிப்பார். அவள் கையில் ஒரு சொம்பைத் தொட்டிபோல ஏந்திக்கொண்டு மூச்சைப் பிடித்து நிற்பாள். அவர் ‘நிர்வாகம்’ என்ற சொல்லைத் தட்டுத்தடுமாறிக் கடப்பதற்குள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும், சிரிப்பு இருமலாகிவிடும். “நிஜ ஆணையரு உன்ன மாதிரி தடுமாற மாட்டாருடா, சீக்கிரம் முடிச்சிருவாரு” என்று தம்பிக்குத் தைரியம் சொன்னாள். ஆணையர்களைப் பற்றி அவளுக்கு அவ்வளவுதான் தெரியும்.

அந்த நாளும் வந்தது. ஆலையை நிறுத்தி, தரையைக் கழுவி, வாசல் மரத்தின் இலையைக்கூடக் கழுவி வைத்திருந்தார்கள். சல்லடைக் கொட்டகைக்கு எதிரே மேடை. அக்கா துளசித் தொட்டியை ஏந்தி மேடையில் நின்றாள். கழுத்தில் ‘குணமானவர்’ என்று ஓர் அட்டை. அவளுக்குப் பதில் தையல்காரரைச் சல்லடையில் நிறுத்தியிருந்தார்கள், கையில் கட்டையோடு. ஓடாத சல்லடையில் நிற்பது சிரமமாக இல்லை.

ஆணையர் மேடை ஏறியதும் சுற்றிப் பார்த்து முகம் சுளித்தார். ஏன் இங்கே ஒரு சத்தமும் இல்லை என்று கேட்டார். மேலாளர் அவர் காதில் ஏதோ முணுமுணுத்தார். உழைப்பின் ஓசை பின்னால் ஒலிக்காமல் நான் பேசுவதில்லை, ஓட விடுங்கள் என்றார் ஆணையர். ஓட விட்டார்கள். மாவு கொட்ட ஆரம்பித்தது. தையல்காரர் கட்டையைப் போட்டுத் தள்ளினார், ஒரு கண் சல்லடையில், ஒரு கண் மேடையில்.

ஆணையர் சீக்கிரம் முடிக்கவில்லை. துளசியிலிருந்து தொடங்கித் தூதுவளைக்குப் போய், வேம்பில் கொஞ்சம் இளைப்பாறி, கீழாநெல்லி மஞ்சள்காமாலைக்கு, வல்லாரை ஞாபகத்துக்கு, கற்றாழை தீப்புண்ணுக்கு என்று ஒன்றையும் விடாமல் தழை தழையாகப் போனார். அக்காவின் கழுத்து நரம்பு புடைப்பது சல்லடையிலிருந்தே தெரிந்தது. கண்ணில் நீர் கோத்து வழிந்தது. ஆணையர் அதைச் சுட்டிக்காட்டி, நன்றிக் கண்ணீர் என்றார்.

“இந்த மக்களுக்கு வாரியம் எதைக் கொடுக்கவில்லை? காற்றைத் தவிர எல்லாவற்றையும் கொடுத்திருக்கிறோம். காற்று இயற்கையின் கொடை. அதில் தலையிட நமக்கு அதிகாரம் இல்லை.”

சொல்லி முடித்து நன்றாக ஒரு மூச்சு இழுத்தார். இழுத்ததும் இருமினார். தண்ணீர் குடித்தார், மறுபடி இருமினார். முகம் கருத்துப்போய் மேசையைப் பிடித்துக்கொண்டார். நாலு பேர் அவரைத் தாங்கிக் கண்ணாடி அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். பேச்சு முடியவில்லை, ஆகவே அக்கா அசையாமல் நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் ஆணையர் புது ஆளாகத் திரும்பி வந்தார். ஒலிபெருக்கியைப் பிடித்தபோது அவர் குரலில் பரவசம் இருந்தது.

“ஓர் இலையைக்கூட நான் மெல்லவில்லை. செடிகளுக்கு நடுவில் சும்மா நின்றேன், அவ்வளவுதான். இருமல் பறந்துவிட்டது. மூலிகையின் மகிமை இதைவிட வேறென்ன வேண்டும்?”

வடிகட்டும் பெட்டியையும் விசிறியையும் யாரும் நினைக்கவில்லை. இப்பேர்ப்பட்ட அறை, இலை துடைக்கிறவர்கள் புழங்குகிற இடமாக இருக்கக் கூடாது, பார்வையிட வருகிற அதிகாரிகளுக்கான ஓய்வறையாக இன்றே அறிவிக்கிறேன் என்றார். நல அலுவலர்தான் முதலில் கைதட்டினார்.

அக்கா தம்பியைப் பார்த்தாள். பிறகு, அத்தனை நேரம் அடக்கி வைத்ததை விட்டுவிட்டாள். அது அடங்குகிற இருமலாக இல்லை. முழங்கால் மடங்கி மேடையிலேயே உட்கார்ந்தாள். தொட்டியைக் கீழே போடாமல் மடியில் பிடித்துக்கொண்டாள். துளசியின் பச்சை இலைமேல் சிவப்பாகத் தெறித்தது.

“செடி, செடி” என்று கத்தினார் நல அலுவலர். “முதல்ல செடிய எடுங்க.”

ஒருவர் ஓடிவந்து அவள் மடியிலிருந்து தொட்டியை வாங்கிக்கொண்டு கண்ணாடி அறைக்கு ஓடினார். அவளை யாரும் எடுக்கவில்லை.

தையல்காரர் கட்டையைக் கீழே வைத்தார். எறியவில்லை, வைத்தார். மேடையேறி அக்காவைத் தூக்கினார். மாவு மூட்டையைவிட லேசாக இருந்தாள். தொட்டியைக் கொண்டுபோனவர் அதை உள்ளே வைத்துவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தார். அவர் திறந்துபோட்டிருந்த கதவு வழியாகத் தையல்காரர் அக்காவோடு உள்ளே நுழைந்தார். இரண்டு கதவையும் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். இலை துடைக்கிறவருக்குப் போட்டிருந்த நாற்காலியில் அவளை உட்கார வைத்தார்.

வெளியே சல்லடையில் தள்ள ஆளில்லை. மாவு தேங்கியது, வழிந்தது, எழுந்தது. மேடையை முதலில் விழுங்கியது. ஆலையை நிறுத்தச் சொல்லி மேலாளர் அலறினார். சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் முகத்துணியை இறுக்கிக்கொண்டு வாசல் பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள், அவசரமில்லாமல்.

உள்ளே விசிறியின் மெல்லிய சத்தம் மட்டும். அக்கா ஒரு மூச்சு இழுத்தாள். பயந்து பயந்து இன்னொன்று இழுத்தாள். மூன்றாவதை முழுசாக இழுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். நாளைக்கு வேலை இருக்காது, போலீஸ்கூட வரலாம் என்பதெல்லாம் தையல்காரருக்குத் தெரிந்தது. தெரிந்தும், அவள் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கண்ணாடியில் படபடவென்று அடி விழுந்தது. ஆணையர்தான், தலை முதல் கால்வரை வெள்ளையாக. பின்னால் நல அலுவலர். அவருடைய முகக்கவசம் இப்போது ஆணையரின் முகத்தில் இருந்தது, நல அலுவலர் வெறும் வாயைக் கையால் பொத்திக்கொண்டு இருமினார். இரண்டு பேரும் கையை ஆட்டி ஏதோ கத்தினார்கள். சத்தம் உள்ளே வரவில்லை.

“என்னடா கேக்கறாங்க?” அக்கா கண்ணைத் திறக்காமல் கேட்டாள்.

“காத்து கேக்கறாங்கக்கா.”

அவள் கண்ணைத் திறந்தாள். வரிசையாக நின்ற தொட்டிகளை நிதானமாகப் பார்த்து, அதில் செழிப்பான ஒரு துளசியைக் காட்டினாள். தையல்காரர் அதை எடுத்து, தண்ணீர் ஜன்னலைக் கையகலம் திறந்து, வெளியே நீண்டிருந்த கைகளில் வைத்தார்.

“நம்பிக்கையோட மெல்லச் சொல்லுடா” என்றாள் அக்கா. “அவசரமா மென்னா வேலை செய்யாது.”

தையல்காரர் சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தினார்.